கட்டணமில்லாக் கல்வியின் விலை

2011ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் கணினி அறிவியல் பாடங்களுள் மூன்றினை உலகத்தார் அனைவருக்கும் கட்டணமின்றி இணையத்தில் திறந்து வைத்தது. செயற்கை நுண்ணறிவு அறிமுகப் பாடத்தைச் செபாஸ்டியன் திரனும் பீட்டர் நார்விக்கும் நடத்தினர். இயந்திரக் கற்றலை ஆண்ட்ரூ இங்கும், தரவுத்தளங்களை ஜெனிஃபர் விடோமும் கற்பித்தனர். செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்துகொண்டனர். பெரிய அரங்கமோ அலங்கார மேடையோ அங்கே இல்லை. தாளை மேலிருந்து நோக்கும் படக்கருவி ஒன்று, ஒரு பேனா, எழுதிக்கொண்டே பேசும் ஒரு குரல், வகுப்பறை அவ்வளவே. பல்கலைக்கழக வளாகத்தில் அதே பாடத்துக்கு நேரில் வந்த ஏறத்தாழ இருநூறு மாணவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களில் அரங்குக்கு வருவதை விட்டுவிட்டு, இணையக் காணொலிகளைப் பார்த்தே படிக்கத் தொடங்கினர். பெருங்கட்டணம் செலுத்தியவரும் ஒரு காசும் செலுத்தாதவரும் ஒரே பாடத்தை ஒரே வகையான திரையில் கற்ற காட்சி, உயர்கல்வி அதுவரை காணாத ஒன்று.

பாடங்களை இணையத்தில் பொதுவில் வைக்கும் எண்ணம் அன்று புதிதன்று. பத்தாண்டுகளுக்கு முன்பே, 2001இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமாகிய எம்.ஐ.டி. தன் பாடக் குறிப்புகளை யாவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தது. இந்தியாவில் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், பொறியியல் விரிவுரைகளைக் காணொலிகளாக்கி வெளியிட்டு வந்தது. ஆயினும் அவை பெரிதும் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் உரியவையாக இருந்தன. வாரந்தோறும் வீட்டுப்பாடம், அதனை உடனுக்குடன் திருத்தும் கணினி, குறித்த நாளில் தேர்வு, ஐயம் கேட்டு எழுத ஒரு பொதுவிடம் என்னும் இவையே 2011இல் புதிதாக வந்து சேர்ந்தன. படிப்பவர் கேட்பவர் என்னும் நிலையிலிருந்து செய்பவர் என்னும் நிலைக்கு உயர்ந்தார். இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். பின்னர் நிகழ்ந்த வெற்றிகளும் தோல்விகளும் இதனைச் சுற்றியே அமைந்தன.

உலான்பாதர் மாணவன்

அடுத்த ஆண்டு யுடாசிட்டி, கோர்செரா, எடெக்ஸ் என மூன்று அமைப்புகள் பிறந்தன. 2012ஐ இத்தகைய பெருந்திரள் இணையப் பாடங்களின் ஆண்டு என்றே நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அழைத்தது. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் இணைந்து நிறுவிய எடெக்ஸ் அமைப்பின் முதற்பாடம் மின்சுற்றுகளும் மின்னணுவியலும் பற்றியது. அதில் ஏறத்தாழ 1,55,000 பேர் சேர்ந்தனர். சான்றிதழ் பெறும் நிலை வரை சென்றவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களுள் முழு மதிப்பெண் பெற்ற மிகச் சிலருள் ஒருவன், மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 15 வயது மாணவன். பின்னர் அவன் எம்.ஐ.டி.யிலேயே மாணவனாகச் சேர்ந்தான்.

இச்செய்தி உலகெங்கும் பரவியது. திரையும் ஆர்வமும் இருந்தால் போதும், தொலைதூரத்துப் பிள்ளையும் தானாகவே உச்சியை எட்டலாம் என்பதற்கு அவன் சான்றாகக் காட்டப்பட்டான். அச்செய்தியில் பலரும் விரைந்து கடந்துபோன பகுதி ஒன்று உண்டு. அவன் பயின்ற பள்ளியின் தலைமையாசிரியர் எம்.ஐ.டி.யில் படித்துத் தாய்நாடு திரும்பியவர். தம் மாணவர் சிலரைச் சேர்த்து அப்பாடத்தை ஒரு வகுப்பாகவே படிக்க வைத்தவர் அவர். ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் மின்னணுக் கருவிகளைப் பெட்டிகளில் கொண்டுவந்து, வாரக்கணக்கில் உடனிருந்து செய்முறை கற்பித்தார். அத்தனைத் துணையிருந்தும் சேர்ந்த மாணவர் பலர் இடையில் நின்றுவிட்டனர். அம்மாணவனின் அறிவுத்திறன் இதனால் சிறிதும் குறைந்துவிடாது. ஆனால், அவன் தனியாக வென்றான் என்று சொல்வது உண்மையின் பாதியை மறைப்பதாகும். இணையத்தில் கிடைத்த விரிவுரையோடு, இணையத்தில் கிடைக்காத ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் உடன்பயிலும் தோழர்களும் அவனுக்கு இருந்தனர்.

இவை இல்லாதபோது நிகழ்வது என்ன என்பதற்கு எண்கள் உள்ளன. எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவற்றின் எடெக்ஸ் பாடங்களை ஆறாண்டுக் காலம் ஆராய்ந்த கட்டுரை ஒன்று, 2019இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. பதிவு செய்தவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்தின் உள்ளே ஒருமுறைகூட நுழையவில்லை. 2017-18இல் சேர்ந்தவர்களுள் முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவினர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டியது. அவர்களுடைய கோர்செரா பாடங்களைப் படித்தோருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் முன்னரே கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். கல்லூரியின் படி ஏறாதவர்களுக்காகத் திறக்கப்பட்டது என்று சொல்லப்பட்ட கதவின் வழியே, பட்டம் பெற்றவர்களே மிகுதியாக உள்ளே சென்றனர். 2013இன் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டியுடன் சேர்ந்து அடிப்படைக் கணிதம் முதலான பாடங்களை இணையவழி நடத்திப் பார்த்தது. கணிதத்தில் முன்பே தடுமாறிய மாணவர்கள் இதிலும் பெருமளவில் தோற்றனர். சில மாதங்களில் முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. தம் அமைப்பு வழங்கிய பாடங்கள் பலருக்குப் பயன்படவில்லை என்று திரனே அவ்வாண்டின் இறுதியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இவ்வெண்களைக் காட்டி, விலையின்றிக் கிடைப்பதனை எவரும் மதிப்பதில்லை என்று கூறுவோர் உண்டு. அது மேலோட்டமான கூற்று. நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற நூலில் ஓர் இயலை மட்டும் படித்துத் திருப்பித் தந்தவரை எவரும் தோற்றவர் என்பதில்லை. தமக்கு வேண்டிய ஒரு கருத்தைக் காண வந்து, கண்டதும் சென்றவர்களும் அந்த நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருள் உள்ளனர். கவலைக்குரியவர்கள் வேறொரு சாரார்: முழுவதும் படிக்க விரும்பியவர்கள், படித்து முடித்தால் வாழ்வு மாறும் நிலையில் இருந்தவர்கள், மூன்றாம் வாரத்திலோ நான்காம் வாரத்திலோ ஓசையின்றி விலகியவர்கள். அவர்கள் விலகியதைக் கவனிக்கவும் ஆளில்லை.

ஒரு தாளில் ஒரு கணக்கு

மூன்றாம் வாரத்தில் என்ன நேர்கிறது என்பதனை அறிய, பாடத்தின் உள்ளே சற்று நுழைய வேண்டும். ஆண்ட்ரூ இங்கின் பாடம் வீட்டு விலையைக் கணிக்கும் எடுத்துக்காட்டுடன் தொடங்கியது. அமெரிக்காவின் போர்ட்லேண்டு நகரத்து வீடுகளின் பரப்பும் விலையும் அதன் பயிற்சித் தரவுகள். பரப்பைக் கொண்டு விலையைச் சொல்லும் விதியைக் கணினி தானே கண்டறிய வேண்டும். அதற்கு அது கையாளும் வழி, சரிவில் படிப்படியாக இறங்கும் முறை.

எண்களைச் சிறிதாக்கினால் இதனை ஒரு தாளிலேயே செய்து பார்க்கலாம். பரப்பு 1 அலகு உள்ள வீட்டின் விலை 3. பரப்பு 2 அலகு உள்ள வீட்டின் விலை 6. பரப்பை எந்த எண்ணால் பெருக்கினால் விலை கிடைக்கும்? 3 என்று பார்த்த அளவிலேயே மனிதர் சொல்லிவிடுவர். கணினிக்கு அது தெரியாது. பெருக்கெண் 1 என்று ஊகித்துத் தொடங்குகிறது. அப்போது அதன் கணிப்புகள் 1, 2. அவை உண்மை விலையைவிட முறையே 2, 4 குறைவு. இப்பிழைகளின் வர்க்கங்கள் 4, 16; இரண்டும் சேர்ந்து 20. பெருக்கெண்ணைச் சற்றே மாற்றினால் இந்த 20 எவ்வாறு மாறும் என்பதனை வகைக்கெழு சொல்லும். இங்கே அதன் மதிப்பு -20. பெருக்கெண்ணைக் கூட்டினால் பிழை குறையும் என்பது அந்தக் குறைக்குறியின் பொருள். வகைக்கெழுவின் அளவில் 0.05 பங்கைக் கூட்டுவது என்று வைத்துக்கொண்டால் 1 கூடி, பெருக்கெண் 2 ஆகிறது. இப்போது பிழைகள் 1, 2. வர்க்கங்களின் கூடுதல் 5. மறுமுறை அவ்வாறே செய்தால் பெருக்கெண் 2.5, பிழைக் கூடுதல் 1.25. ஒவ்வோர் அடியிலும் பிழை நான்கில் ஒன்றாகச் சுருங்கி, பெருக்கெண் 3ஐ நோக்கி நகர்கிறது.

அடியின் நீளத்தை மாற்றினால் கதை மாறிவிடும். 0.05க்கு மாறாக 0.2 என்று வைத்தால், பெருக்கெண் 1இலிருந்து 5க்குத் தாவுகிறது. பிழைக் கூடுதல் அதே 20. அடுத்த அடியில் மீண்டும் 1. ஊஞ்சல்போல் முடிவின்றி ஆடிக்கொண்டிருக்கும், கற்றல் நிகழாது. 0.3 என்று வைத்தாலோ பெருக்கெண் 7 ஆகிப் பிழை 80 ஆகிறது. அடுத்த அடியில் 320. பேராசை கொண்டு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தவன் எதிர்மலையில் இன்னும் உயரத்தில் போய் விழுந்த கதை இது. இன்று உரையாடும், எழுதும், மொழிபெயர்க்கும் பெரிய மொழி மாதிரிகளில் இத்தகைய பெருக்கெண்கள் பல நூறு கோடி இருக்கின்றன. அவற்றைப் பழக்கும் முறைகள் இதனினும் நுட்பமானவை என்றாலும், அடிப்படை இதே இறக்கந்தான். அடியின் நீளத்தைத் தேர்வது அங்கும் தலைவலிதான்.

மேல்நிலை வகுப்பில் வகைநுண்கணிதம் படித்த மாணவருக்கு இக்கணக்கில் புரியாத படி ஒன்றும் இல்லை. அணிகள், வெக்டர் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியனவும் அதே பாடநூல்களில் உள்ளன. தேர்வுக்காகப் படிக்கப்படும் அப்பகுதிகளே செயற்கை நுண்ணறிவின் அடித்தளம் என்பதனை மாணவரிடம் சொல்வோர் மிகக் குறைவு. மேல்நிலைக் கணினி அறிவியலில் பைத்தான் நிரலாக்கமும் இடம்பெற்றுள்ளது. ஆகவே, தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் கணினி அறிவியலும் படிப்பவர், இப்பாடங்களின் வாயிலில் வெறுங்கையோடு நிற்பவர் அல்லர்.

மேற்கண்ட கணக்கைக் காணொலி மூன்று நிமிடங்களில் காட்டிவிடும். பார்ப்பவர் தலையசைப்பார், எல்லாம் விளங்கியதாகவே தோன்றும். தாளை எடுத்து 0.2க்கு என்ன நேர்கிறது என்று தானே போட்டுப் பார்க்க அரைமணி நேரம் ஆகும். இடையில் ஒரு குறி பிழைபடும், விடை வராது, எழுந்து போய்விடலாம் என்று தோன்றும். மூன்றாம் வாரத்தில் விலகியவர்கள் பெரும்பாலும் இந்த அரைமணி நேரத்தில்தான் விலகினர் என்று கருத இடமுண்டு. விரிவுரை இலவசம். அந்த அரைமணி நேரத்துக்கு விலை உண்டு. மாலையில் வீட்டு வேலைக்கோ கூலி வேலைக்கோ செல்ல வேண்டிய பிள்ளைக்கு அவ்விலை மிகுதி. தனியறையும் மேசையும் உள்ள பிள்ளைக்குக் குறைவு.

நாளை என்னும் நாள்

முதற்பாடம் நடத்திய அனுபவத்தைப் பின்னர் எடுத்துரைத்தபோது நார்விக் ஒரு கருத்தை வலியுறுத்தினார். எந்நேரமும் பார்க்கலாம் என்பதே காணொலியின் சிறப்பு என்று பலரும் சொல்ல, அவர் அதனைக் குறையாகக் கண்டார். எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் நாளை செய்யலாம். நாளை செய்யலாம் என்றால் செய்யாமலே போகலாம். ஆகவே அவர்கள் பாடங்களை வாரம் ஒன்றாக வெளியிட்டு, வீட்டுப்பாடத்துக்குக் கெடு வைத்தனர். உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்தவர்கள் ஒரே வாரத்தில் ஒரே வினாவுடன் போராடியதனால், ஒருவர் ஐயத்தை மற்றவர் தீர்க்க முடிந்தது. என்.பி.டி.இ.எல். 2014 முதல் நடத்திவரும் சான்றிதழ்ப் பாடங்களும் இவ்வழியே செல்கின்றன. பாடமும் வாராந்திரப் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விரும்பியோர் கட்டணம் செலுத்திக் கண்காணிப்புடன் கூடிய தேர்வை மையத்துக்குச் சென்று எழுதுகின்றனர். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் தீபக் கேமானி, பாலராமன் ரவீந்திரன், மிதேஷ் கப்ரா ஆகியோரின் செயற்கை நுண்ணறிவு, இயந்திரக் கற்றல், ஆழ்கற்றல் பாடங்களும், சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடமும் நாடெங்கும் படிக்கப்படுகின்றன. கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகள் அமைத்து, ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராக்கும் ஏற்பாடும் அத்திட்டத்தில் உண்டு. விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத அந்த ஏற்பாடே அத்திட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

கெடுவும் தோழமையும் போலவே மொழியும் ஒரு தடை. ஆங்கிலக் காணொலியை வேகம் குறைத்து, துணையுரையோடு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் தமிழ்வழி மாணவர் பாடத்தோடு மொழியையும் சேர்த்தே சுமக்கிறார். என்.பி.டி.இ.எல். தன் விரிவுரைகள் பலவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிட்டு வருவது வரவேற்கத்தக்கது. ஆயினும் சொல்லைப் பெயர்த்தால் பொருள் தானே வந்துவிடாது. கணினி பின்பற்றும் படிகளின் வரிசையை ஒரு நூல் நெறிமுறை என்கிறது. மற்றொன்று படிமுறை என்கிறது. வேறொன்று வழிமுறை என்கிறது. நெறிமுறை என்பதற்கு அறநெறி என்ற பொருளும் இருப்பதனால், செயற்கை நுண்ணறிவின் நெறிமுறை என்று எழுதினால் எழுதியவர் கணக்கைச் சொல்கிறாரா, ஒழுக்கத்தைச் சொல்கிறாரா என்று படிப்பவர் திகைக்க நேரிடுகிறது. கலைச்சொற்கள் ஒருநாள் நிலைபெறும். அதுவரையும் அதன் பின்னரும், ஒரு மாணவர் மற்றொரு மாணவருக்குத் தம் ஊர்த் தமிழில், பள்ளத்தையும் மேட்டையும் கையால் காட்டி விளக்குவதற்கு ஈடாக எந்தத் துணையுரையும் நிற்காது. ஆங்கிலத்தில் எழுதிய வரியைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான், அது விளங்கியதா இல்லையா என்பது சொல்பவருக்கே தெரியவரும்.

2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய சிக்கல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டுப்பாட வினாவைத் தட்டச்சு செய்தால் முழு நிரலையும் எழுதித் தரும் உரையாடு செயலிகள் யாவர் கைக்கும் வந்துவிட்டன. முன்னே சொன்ன அரைமணி நேரத்தை அவை அரை நிமிடமாக்கிவிடுகின்றன. கற்றலும் அவ்வளவுக்குக் குறைகிறது. இதற்காக அவற்றை அறவே விலக்க வேண்டும் என்பதில்லை. நிரலாளர்களிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. மேசைமேல் ஒரு பொம்மை வாத்தை வைத்துக்கொண்டு, பிழையுள்ள நிரலை அதனிடம் வரிவரியாக விளக்குவர். விளக்கும்போதே பிழை தென்பட்டுவிடும். வாத்து ஒன்றும் சொல்லாது என்பதே அதன் சிறப்பு. ஹார்வர்டில் டேவிட் மாலன் நடத்தி, இணையத்திலும் கட்டணமின்றி வழங்கிவரும் சி.எஸ்.50 என்னும் அறிமுகப் பாடத்தில், 2023 முதல் செயற்கை நுண்ணறிவால் பேசும் வாத்து ஒன்று இடம்பெற்றுள்ளது. விடையை நேரே தராமல் விடையை நோக்கி வழிகாட்டும்படி அதனை அமைத்திருக்கின்றனர். எதைச் சொல்ல வேண்டும் என்பதைவிட எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதை அறிந்தவரே நல்லாசிரியர் என்பதனை, அந்த வாத்தை வடிவமைத்தவர்கள் உணர்ந்திருந்தனர்.

யாருடைய உடைமை

பொதுவில் வைக்கப்பட்டது என்றும் பொதுவிலேயே இருக்கும் என்று நம்புவதற்கும் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், செவித்திறன் குறைந்தோர் பயன்படுத்த இயலாத நிலையில் தன் காணொலிகள் இருப்பதாக அரசு சுட்டிக்காட்டியபின், 2017இல் 20,000க்கும் மேற்பட்ட விரிவுரைப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்கிவிட்டது. சிலரால் கேட்க முடியாதது எவருக்கும் கிடைக்காததாயிற்று. துணையுரை சேர்ப்பதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இதைவிட மோசமான விடை இருக்க முடியாது. எடெக்ஸ் அமைப்பை 2021இல் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் 80 கோடி டாலருக்கு ஒரு வணிக நிறுவனத்திடம் விற்றன. கோர்செராவிலும் முதலில் இலவசமாய் இருந்த சான்றிதழ்கள் காலப்போக்கில் கட்டணத்துக்கு உரியவையாயின. வணிகர் வணிகம் செய்வதைக் குறைகூறிப் பயனில்லை. அரசுப் பொருளில் உருவான பாடங்களைப் பொதுவுடைமையாகக் காப்பதும், அவற்றைப் பயன்படுத்தும் வழிகளைப் பெருக்குவதும் அரசின் கடமை என்பதையே இந்நிகழ்வுகள் வலியுறுத்துகின்றன.

மன்னார்குடி வண்டி

இவ்வகைச் சிக்கல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1892இல் சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ்.ஆர். அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவருடைய நூல் 1931இல் வெளிவந்தது. நூல்கள் பாதுகாத்து வைப்பதற்கல்ல, பயன்படுத்தப்படுவதற்கே என்பது அவற்றுள் முதல் விதியின் கருத்து. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தனர் என்பதனை எடுத்துக்காட்டி, சங்கிலி கழன்ற பின்னும் கட்டு நீங்கவில்லை என்று அவர் விளக்கினார். பயன்பாட்டை உறுதிசெய்ய நான்கினை ஆராய்ந்தார்: நூலகம் அமைந்த இடம், அது திறந்திருக்கும் நேரம், உள்ளே உள்ள இருக்கைகள், வருவோரை எதிர்கொள்ளும் பணியாளர். அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி ஒன்று நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றது. 1948இல் அன்றைய சென்னை மாகாணம் பொதுநூலகச் சட்டத்தை இயற்றியதற்குப் பின்னால் அவருடைய நெடிய உழைப்பு இருந்தது. நூலகத்துக்கென வரி வசூலித்து, ஊர்தோறும் நூலகம் அமைக்க அச்சட்டம் வழிசெய்தது. அச்சிட்ட நூல் கடையில் கிடைக்கிறதே, விருப்பமுள்ளவர் வாங்கிப் படிக்கட்டும் என்று அன்றைய அறிஞர்கள் இருந்துவிடவில்லை.

கட்டணமற்ற இணையப் பாடங்கள் இன்று சங்கிலி கழன்ற நூல்களாக உள்ளன. அரங்கநாதனின் நான்கினை அவற்றுக்கும் பொருத்திப் பார்க்கலாம். இடம் இருக்கிறது: அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன, சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சிற்றூர்களில் கிளை நூலகங்களும் உள்ளன. இருக்கைகளும் கணினிகளும் ஓரளவுக்கேனும் இருக்கின்றன. இவற்றுக்குப் பெரும்பொருள் முன்னரே செலவிடப்பட்டுவிட்டது.

எஞ்சியவை நேரமும் ஆளும். பள்ளி முடிந்தபின் அந்த ஆய்வக அறை வாரத்தில் இரண்டு நாள், இரண்டிரண்டு மணிநேரம் திறந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து மாணவர்கள் ஒரே பாடத்தில் ஒரே வாரத்தில் இருக்க வேண்டும். காணொலியை வீட்டில் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, அங்கே தாளையும் நிரலையும் மட்டும் கையாண்டால் போதும்; நேரம் மிச்சமாகும். பயிற்சி வினாவை முடிக்க மாதக் கெடு வைப்பதைவிட வாரக் கெடு வைப்பது நன்று. மாலைப் பேருந்தை விட்டுவிட்டால் வீடு திரும்ப வழியில்லாத மாணவியருக்கு, மதிய உணவுக்குப் பின்னுள்ள ஒரு பாடவேளையையோ சனிக்கிழமை முற்பகலையோ ஒதுக்கலாம். அவர்களை மறந்துவிட்டு வகுக்கப்படும் நேர அட்டவணை, தொடக்கத்திலேயே பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடும்.

ஆள் என்பதற்குச் செயற்கை நுண்ணறிவில் பட்டம் பெற்றவர் வேண்டும் என்பதில்லை. அத்தகையவர் ஒவ்வோர் ஊருக்கும் கிடைக்கவும் மாட்டார். வகைக்கெழுவில் ஐயம் வந்தால் கணித ஆசிரியர் தீர்த்துவிடுவார். நிரலில் பிழை வந்தால் கணினி ஆசிரியர் காண்பார். இவ்விருவருக்கும் அக்கூடுதல் மணிகளுக்கு ஊதியம் தரப்பட வேண்டும். தொண்டு என்ற பெயரில் அவர்கள்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றினால் முயற்சி ஓராண்டுகூட நில்லாது. அடுத்த ஆண்டில், இவ்வாண்டு பாடத்தை முடித்துக் கல்லூரிக்குச் சென்ற பழைய மாணவர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து அமரலாம். பெருக்கெண் 1க்கும் 5க்கும் இடையே ஏன் ஊசலாடுகிறது என்று திகைத்து நிற்கும் மாணவருக்கு, தாமும் சென்ற ஆண்டு அதே இடத்தில் நின்றதையும், 0.2 என்னும் அந்த எண்ணைக் குறைத்துப் பார்க்கலாம் என்பதையும் அவர் சொல்வார்.